ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். லேப்டாப்பை ஃபேக்டரி செட்டிங்ஸுக்குக் கொண்டுபோக முடியுமா? கடையில் புது விண்டோஸ் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்களுடையது 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, விண்டோஸோடு சேர்த்தே வாங்கிய லேப்டாப் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் லைசென்ஸ் சாவி மதர்போர்டில், பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பிவிடும் மென்பொருள்) இருக்கும் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கோடு போனது, ஃபேக்டரி செட்டிங்ஸுக்குத் திரும்ப கம்பெனிக்காரர்கள் அதில் ஒதுக்கி வைத்திருந்த பகுதி, அதாவது ரெக்கவரி பார்ட்டிஷன்தான். கீபோர்டில் ரெக்கவரி கீயை எத்தனை தரம் தட்டினாலும் இனி ஒன்றும் வராது. ஆனால் சாவி பத்திரமாக இருக்கிறது.

என் மனைவியின் லேப்டாப்புக்கும் இதே கதைதான் நடந்தது. டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுப் படுத்துவிட்டது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தோம். புது எஸ்எஸ்டி மாட்டிய வேலை சுத்தமான வேலை, குறை சொல்ல மாட்டேன். அப்புறம்தான் ஆரம்பித்தார்: "சார், ஒரிஜினல் ஓஎஸ் டிஸ்க்கோட போயிடுச்சு. புதுசா லைசென்ஸ் வாங்கணும். இல்லன்னா நம்மகிட்ட ப்ரோ வெர்ஷன் இருக்கு, லைஃப் டைம், ஐந்நூறு கொடுங்க." டிஸ்க் காலியாகவே இருக்கட்டும், அப்படியே கொடுங்கள் என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

வீட்டில் என் ஆபீஸ் லேப்டாப்பில் யூஎஸ்பியை முடக்கி வைத்திருப்பார்கள். அதனால் எதிர்வீட்டு இன்ஜினியரிங் பையனின் மெஷினில், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, விண்டோஸ் ஏற்றுவதற்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்தோம். அதில் பூட் செய்தால், போட்ட எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியவில்லை! கடைக்காரர் ஓட்டை டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று மனைவி முடிவே கட்டிவிட்டாள். பாவம், அவர் மேல் தப்பில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை ப்ராசஸரிலிருந்து வந்த பல மெஷின்களில், டிஸ்க்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் விஎம்டி என்று ஒன்று இருக்கும். அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்து, அதே பென்டிரைவில் விரித்து வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும். தெரிந்தது. சாவி கேட்காமலே, லேப்டாப்போடு வந்த ஹோம் சிங்கிள் லாங்க்வேஜ் என்ற விண்டோஸ் பதிப்பே ஏறியது. வைஃபை சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. ஒரு பைசா செலவில்லை.

உங்கள் கடைக்காரர் ஏற்கெனவே ப்ரோவை ஏற்றியிருந்தால் போர்டில் இருக்கும் ஹோம் சாவி அதற்குப் பொருந்தாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. மெஷின் தாங்குமானால் 11-ஐயே போடுங்கள், 10-இன் சாவிக்கே அது ஆக்டிவேட் ஆகும். ஒருமுறை ஏறிவிட்டால், அடுத்த தடவை செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட்டே வேலை செய்யும். கம்பெனி வால்பேப்பரும் அந்த ட்ரையல் ஆன்டிவைரஸும் திரும்பி வராது, சனியன் தொலைந்தது.

மதர்போர்டையே மாற்றியவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று யாராவது கிளம்புவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், பொருந்தாது. அங்கே சாவி பழைய போர்டோடு போய்விடும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்க 48 இலக்க எண்ணையும் கேட்கும், அதை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள். லினக்ஸ் போடச் சொல்லி வருபவர்களுக்கு வணக்கம். இது மனைவி ட்யூஷன் எடுக்கும் மெஷின், என் பரிசோதனைக்கூடம் இல்லை.

நம்மிடம் இருப்பதையே நமக்கு விற்பதில் இந்த ஊர் கெட்டிக்கார ஊர். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்கு என்று பிடித்துக்கொள்வார்கள், ஆறு மாதம் இருந்தாலும் சரி, ஆறு வருஷம் இருந்தாலும் சரி. நாங்கள் குடி வந்தபோது சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை ஓனர் எங்கள் கணக்கில் எழுதினார். போட்டோ எடுத்து வைத்திருந்தோம், காட்டினோம். "அது வேற சுவர்" என்றார்!

சரி, உங்கள் விஷயம். பழைய டிஸ்க் இன்னும் கடையில் இருந்தால் முதலில் போய் வாங்கி வந்துவிடுங்கள். செத்த டிஸ்க்கிலிருந்தும் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுக்க ஆள் இருக்கிறார்கள்.