செக்கு எண்ணெய்க்கு என்ன கதை சொல்வது?

கேள்வி: மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறேன். வாட்ஸ்அப்பில் தரம், விலை எல்லாம் தினமும் போடுகிறேன், பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "கதை சொல்லு, விற்கும்" என்கிறார் நண்பர். எண்ணெய்க்கு என்ன கதை இருக்கிறது?

பதில்: நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் ராப் வாக்கர், ஜோஷ்வா க்ளென் என்ற இருவர் பழைய சாமான் கடைகளில் சில்லறைப் பொருட்களாக வாங்கிச் சேர்த்தார்கள். மொத்தச் செலவு சுமார் 129 டாலர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாளரிடம் குட்டிக் கதை வாங்கி ஈபே என்ற இணையதளத்தில் ஏலம் விட்டார்கள். வந்தது சுமார் 3,600 டாலர். கதை கற்பனை என்பதையும் மறைக்கவில்லை!

உங்களுக்கு இதைவிட உதவக்கூடியது, டெபோரா ஸ்மால் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. மாலி நாட்டுச் சிறுமி ரோகியாவைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் நன்கொடை கொடுத்தார்கள். பட்டினிப் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43-தான். கணக்குப் பார்க்க ஆரம்பித்ததும் மனசு இளகுவது நின்றுவிடுகிறது. நன்கொடை வேறு, வியாபாரம் வேறு என்பது சரிதான். இருந்தாலும் கதைக்கு அடியிலேயே விலைப்பட்டியலை ஒட்டாதீர்கள். கேட்பவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

சரி, எந்தக் கதை? "நான்கு தலைமுறைப் பாரம்பரியம்" வேண்டாம், அது எல்லா பாட்டிலிலும் ஒட்டியிருக்கிறது. ஒரு நாள், ஒரு ஆள், ஒரு சிக்கல் போதும். மழைக்காலத்தில் யாராவது போன் செய்து "என்னங்க, எண்ணெய் கலங்கலா இருக்கே" என்று கேட்டிருப்பார்களே? அன்று என்ன பதில் சொன்னீர்கள், தெளிய வைக்க எத்தனை நாள் வெயிலுக்குக் காத்திருந்தீர்கள், யாருக்கெல்லாம் தாமதமானது? பேசுகிற மாதிரியே ஐந்தாறு வரியில் எழுதுங்கள். அடியில் தங்கிய கசடையும் படம் பிடித்துப் போடுங்கள். கூச்சமாக இருக்கும், எனக்கென்னவோ உங்கள் பளபள பாட்டில் படத்தைவிட அதற்குத்தான் பதில் வரும் என்று தோன்றுகிறது.

நடக்காததை மட்டும் எழுதிவிடாதீர்கள். கதையில் மூழ்கியவர்கள் அதில் குறை காண்பது குறைவு என்று மெலனி கிரீன், டிமோதி பிராக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-இலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படி நம்பி வாங்கியவர் அப்புறம் பொய் என்று தெரிந்தால் திரும்ப வரமாட்டார்.

வாரத்துக்கு ஒன்று போதும். டின் கணக்கில் வாங்கும் ஓட்டல்காரரிடம் கதை எதுவும் வேண்டாம், நேராக விலையைச் சொல்லுங்கள்.