லேத் நம்மிடமே இருக்கும்போது எதற்குக் கடையில் வாங்க வேண்டும்?

கேள்வி: கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) சுடுகிறாள். துப்பாக்கி வாங்கியாகிவிட்டது. கூட வேண்டிய சாமான்களுக்குக் கடையில் விலை கேட்டேன்: பெல்லட் டிராப் (சுட்ட ஈயக் குண்டைப் பிடிக்கும் பெட்டி) 3,200, துப்பாக்கியை வைக்கும் ஸ்டாண்ட் 5,500, துப்பாக்கியில் மாட்டும் வெயிட் செட் 4,800, துப்பாக்கிப் பெட்டி 7,500, துப்பாக்கி சிலிண்டரில் காற்றடிக்கும் கைப் பம்ப் 11,000. மொத்தம் 32,000 ரூபாய். கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டு வாங்கட்டுமா, இல்லை எல்லாவற்றையும் நானே பட்டறையில் செய்துவிடலாமா?

பதில்: முதலில் இஎம்ஐ எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்த ஐந்தும் ஒரே நாளில் வந்தாக வேண்டிய சாமான்கள் இல்லை. நீங்கள் ஒரே பில்லாகப் பார்ப்பதால்தான் 32,000 பயமுறுத்துகிறது, பிரித்துப் பாருங்கள்.

பெல்லட் டிராப்பை நீங்களே செய்யலாம். 20 செ.மீ. சதுரத்தில் ஒரு பெட்டி, பின்பக்கம் 45 டிகிரி சாய்வாக ஒரு தகடு. ஈய பெல்லட் அதில் மோதி நசுங்கிக் கீழே தட்டில் விழும், அவ்வளவுதான் அதன் வேலை. 3 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஷீட் போதும், மொத்தம் 5 கிலோ பிடிக்கும், கிலோ 80 ரூபாய் என்றாலும் 400. வெல்டிங் உள்பட உங்களுக்கு மூன்று மணி நேர வேலை. விளிம்பில் பிசிறு இல்லாமல் தேய்த்துவிடுங்கள், தட்டை எடுத்துக் கொட்டப்போவது பிள்ளைதான். விழுந்த ஈயத்தைப் பட்டறையில் உருக்கிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், அந்தப் புகை உடம்புக்கு மிகவும் கெடுதல். டப்பாவில் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள், பயிற்சி முடிந்ததும் அவளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

வெயிட் செட் உங்கள் லேத்துக்கென்றே வந்த வேலை. 30 மி.மீ. பித்தளை ராடில் 17 மி.மீ. நீளம் வெட்டினால் ஏறக்குறைய 100 கிராம், திருகுக்குத் துளை போட்டால் கொஞ்சம் குறையும். மூன்று துண்டு செய்தாலும் பித்தளைக்கு 300 ரூபாயைத் தாண்டாது. அதைப் போய் 4,800 கொடுத்து வாங்க வேண்டுமா? ஆனால் துப்பாக்கியின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது போட்டி விதி, அதனால் கோச்சிடம் காட்டி, தராசில் வைத்துப் பார்த்த பிறகு மாட்டுங்கள். ஸ்டாண்டும் அப்படித்தான். அலுமினிய பைப், நைலான் புஷ், ஒரு கிளாம்ப் எல்லாம் சேர்ந்து 1,400 ரூபாய்க்குள் முடியும். பிள்ளை இன்னும் வளர்கிற வயசு, உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்தால் நாலைந்து வருஷம் உழைக்கும்.

சரி, இப்போது நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒன்றைச் சேர்ப்போம், உங்கள் நேரம். பட்டறை வைத்திருப்பவர்கள் பலரும் சொந்த வேலை என்றால் கூலியே போட மாட்டார்கள். இந்த மூன்றுக்கும் பொருள் செலவு 2,100, நேரம் பத்து மணி. உங்கள் ஜாப் ஒர்க் ரேட் மணிக்கு 400 என்று வைத்தால் 4,000, ஆக 6,100 ரூபாய். கடையில் இதே மூன்றும் 13,500. முதல் தடவை செய்வதால் நேரம் இரட்டிப்பானாலும் 10,100தான். மெஷின் சும்மா இருக்கிற நாளில் செய்தால் கைக்காசு 2,100 மட்டுமே. ஆனால் பார்ட்டி டெலிவரி கேட்டு நிற்கும்போது அந்த ஆர்டரைத் தள்ளி வைத்துவிட்டு இதில் உட்கார்ந்தீர்கள் என்றால் கணக்கே தலைகீழ், ஒரு கஸ்டமர் கோபித்துக்கொண்டு போனால் இந்தச் சேமிப்பு எதற்கும் காணாது. ஒரு மாதம் கெடு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் முடியவில்லை என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

பம்பையும் நீங்களே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம். கார் டயரில் இருப்பது 2.2 பார் அழுத்தம், இந்தத் துப்பாக்கி சிலிண்டரில் ஏறுவது 200 பார், கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு. எவ்வளவு கை தேர்ந்த டர்னராக இருந்தாலும் அழுத்தம் தாங்கும் பாகத்தை வீட்டுப் பிள்ளைக்காகச் சோதனை போடக் கூடாது. வாங்கவும் வேண்டாம் என்பேன். கிளப்பில் காற்று நிரப்பித் தருவார்கள் அல்லவா, ஒரு தடவை முழுதாக நிரப்பினால் 60 ஷாட் வீதம் இரண்டு மூன்று நாள் பயிற்சிக்கு வரும், 11,000 மிச்சம். அதே போல பேரல், டிரிகர், வால்வு எதிலும் கை வைக்காதீர்கள். 4.5 மி.மீ. துப்பாக்கியில் பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருப்பதால்தான் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். வேகத்தைக் கூட்ட ஆசைப்பட்டால் சட்டச் சிக்கலும் வரும், போட்டியில் பயனும் இல்லை.

துப்பாக்கிப் பெட்டியை வாங்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது இல்லை. பிளைவுட்டில் செய்தால் தூக்க முடியாத கனமாகிவிடும். வெளியூர்ப் போட்டி வரும்போது பார்க்கலாம், அதற்கு முன்னால் கிளப்பில் சீனியர் யாராவது பழையதை விற்கிறார்களா என்று கேட்டு வையுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய செலவு ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை. பெல்லட். தினம் 60 ஷாட், மாதம் 25 நாள் என்றால் 1,500 பெல்லட், 500 எண்ணம் உள்ள டப்பா மூன்று. டப்பா 900 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 32,400. நீங்கள் இவ்வளவு கவலைப்பட்ட மொத்தத் தொகையும் ஒவ்வொரு வருஷமும் இதிலேயே போகும். எனக்கு உண்மையான அக்கறை இங்கேதான். மாதம் 2,700 ரூபாயை மகளின் விளையாட்டுக்கென்று தனிக் கணக்கில் இப்போதே ஒதுக்க ஆரம்பியுங்கள், பட்டறைக் கணக்கோடு கலக்காதீர்கள். கோச் ஒப்புக்கொண்டால் வாரத்தில் இரண்டு நாள் பெல்லட் போடாமல் டிரை ஃபயர் பயிற்சி செய்யட்டும், போட்டி ரைஃபிள்களில் அதற்கென்றே வசதி இருக்கும். மாதத்தில் எட்டு நாள் குறைந்தாலே கிட்டத்தட்ட ஒரு டப்பா மிச்சமாகும். கிளப்பில் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையுமா என்றும் விசாரியுங்கள், ஆனால் அதற்கு முன் அவள் துப்பாக்கிக்கு எந்த பெல்லட் ஒரே இடத்தில் குழுவாக விழுகிறது என்று இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.