மருத்துவமனைத் தொடர்களைப் பார்த்து ஆங்கிலச் சொற்களைக் கற்க முடியுமா?

தாதியர் பயிற்சிக்குப் போகவிருக்கும் ஒருவர், பாடப்புத்தக ஆங்கிலம் ஓரளவு தெரிந்தும் வைத்தியசாலையில் பேசுவது காதில் ஏறவில்லை என்றும், ஆங்கில மருத்துவமனைத் தொடர்களைப் பார்த்தால் பயன் கிடைக்குமா என்றும் இங்கே கேட்டிருக்கிறார். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் வரவேற்புப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையிலும், அந்த வழியில் கற்றுப் பயனடைந்தவள் என்ற முறையிலும் உறுதியாகச் சொல்கிறேன்: நிச்சயம் கிடைக்கும். ஆனால் நோய்களின் பெயர்களுக்காக அவற்றைப் பார்க்காதீர்கள். அவற்றைப் பயிற்சியில் எப்படியும் படிப்பீர்கள். கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் பேசிக்கொள்ளும் சாதாரண ஆங்கிலத்துக்காகப் பாருங்கள்.

ஒரே விதமான பேச்சு திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தத் தொடர்களின் பெரிய பலம். சிகாகோ நகரத்து அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் 'ஈ.ஆர்.' தொடர் 1994 முதல் 2009 வரை 15 பருவங்களாக ஒளிபரப்பானது. அதில் அம்பியூலன்சில் வந்த நோயாளியை ஒப்படைக்கும் காட்சிகளைக் கவனியுங்கள். வயது, ஆணா பெண்ணா, என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, பிரஷர் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு, வழியில் என்ன கொடுத்தார்கள் என்று, ஏறக்குறைய இதே ஒழுங்கில், ஓடிக்கொண்டே சொல்லி முடிப்பார்கள். தாளில் 90/60 என்று எழுதியிருப்பதை 'நைன்டி ஓவர் சிக்ஸ்டி' என்று வாயால் சொல்வதை நான் முதலில் பிடித்துக்கொண்டது அங்கேதான். அடுத்து என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிவதால், விளங்காத ஒரு சொல் நடுவில் வந்தாலும் அதன் பொருளை நாமே ஊகித்துவிடலாம். அப்படி ஊகித்துப் பிடித்த சொல் அகராதியில் பார்த்த சொல்லைவிட நெடுநாள் மனதில் நிற்கிறது.

அதைவிடவும் பெறுமதியானவை, வைத்தியர் வெளியே வந்து குடும்பத்தாரிடம் பேசும் காட்சிகள். 'ஷி இஸ் ஸ்டேபிள்', 'வி நீட் டு ரூல் அவுட் அ ஹார்ட் அட்டாக்', 'வி வில் கீப் ஹிம் ஓவர்நைட் ஃபோர் ஒப்சர்வேஷன்' போன்ற வாக்கியங்களில் தனித்தனியே கடினமான சொல் எதுவும் கிடையாது. ஆயினும் நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். 'ரூல் அவுட்' என்றால் அந்த நோய் இல்லை என்று பரிசோதித்து உறுதிப்படுத்துவது. அதைக் கேட்டுவிட்டு மாரடைப்பு வந்துவிட்டதாகவே எண்ணிக் கலங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'த்ரோ அப்' என்றால் வாந்தி எடுப்பது, 'கம் ரவுண்ட்' என்றால் மயக்கம் தெளிவது. 'பாஸ் அவுட்' என்பதைப் பல்கலைக்கழகப் படிப்பை முடிப்பதற்கு நாம் இங்கே தாராளமாகப் பயன்படுத்துகிறோம். தொடர்களில் அது பெரும்பாலும் மயங்கி விழுவதைக் குறிக்கும். உயிர் பிரிவது 'பாஸ் அவே'. நோயாளியின் உறவினரிடம் பேசும்போது இவை இரண்டும் எக்காரணம் கொண்டும் மாறிவிடக் கூடாது.

பார்க்கும் முறையிலும் கவனம் தேவை. முழு அத்தியாயத்தையும் பார்த்துவிட்டு எழுந்தால் கதை மட்டுமே நினைவில் தங்கும். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, முதலில் திரையின் கீழே வரும் எழுத்து (சப்டைட்டில்) இல்லாமலும், பிறகு ஆங்கில எழுத்தோடும், மறுபடி எழுத்தில்லாமலும் பாருங்கள். தமிழ் எழுத்தைப் போட்டால் கண் அதையே வாசிக்கும், காது வேலை செய்யாது. பிடித்த வாக்கியத்தை முழுமையாகக் கொப்பியில் எழுதி, நோயாளியின் வயதையும் வருத்தத்தையும் மாற்றி உரக்கச் சொல்லிப் பழகுங்கள். தனிச் சொற்களின் பட்டியல் பேச்சுக்கு உதவாது.

நம் நாட்டு வைத்தியசாலைகளின் வழக்கு பிரித்தானிய ஆங்கிலத்தை ஒட்டியது என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்கத் தொடரில் 'எபிநெஃப்ரின்' என்பது இங்கே அட்ரினலின், 'அசிற்றமினோஃபென்' என்பது நமது பரசிற்றமோல், 'அட்டெண்டிங்' என்று அழைக்கப்படும் பொறுப்பு வைத்தியரை இங்கே கன்சல்டன்ட் என்போம், சத்திரசிகிச்சை அறையான அவர்களுடைய 'ஓ.ஆர்.' நமக்குத் தியேட்டர். அவர்கள் 'ஈ.ஆர்.' என்று சொல்லும் இடத்தை இங்கே பல வைத்தியசாலைகளில் ஈ.டி.யூ. (எமர்ஜென்சி ட்ரீட்மென்ட் யூனிட்) என்பார்கள், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் விபத்துக்குள்ளானவர்களைக் கொண்டுபோகும் பிரிவு எக்சிடென்ட் சேர்விஸ் என்றே அறியப்படுகிறது. ஆகவே 1986 முதல் பி.பி.சி.யில் வரும் 'கெஷுவல்டி' தொடரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பெயர்கள் நமக்குப் பழக்கமானவையாக இருக்கும். அமெரிக்கத் தொடர்கள் வேகமான பேச்சுக்குக் காதைத் தயார்செய்யும்.

மருத்துவத்தை மட்டும் அவற்றிலிருந்து கற்க வேண்டாம். இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் திரையில் கோடு நேராகிவிட்டதும் மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிப்பதாகப் பல தொடர்களில் காட்டுவார்கள். உண்மையில் இதயம் முற்றாக நின்ற அந்த நிலையில் மின்னதிர்ச்சி பயன்தராது. நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் கொடுப்பதுமே சிகிச்சை.

தொடர்களில் கிடைக்காத ஒன்று, மருந்துச் சீட்டில் எழுதும் குறிப்புகள். 'பி.டி.' என்றால் நாளுக்கு இரண்டு தடவை, 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று தடவை, 'நொக்டே' என்றால் இரவில். வீட்டில் யாருக்காவது கிளினிக் கொப்பி இருந்தால், அதை வைத்தே இவற்றை இன்றைக்கே வாசித்துப் பழகத் தொடங்கலாம்.