எங்கள் ஊர் ஆற்றங்கரைக் காட்டை வெட்டுகிறார்கள். சாதாரண ஆட்களால் தடுக்க முடியுமா?

முடியும். முழுதாக முடியும் என்று சொல்ல மாட்டேன். எங்களால் பாதிக்கு மேல் காப்பாற்ற முடிந்தது, அதில் பெரும்பகுதி இன்றைக்கும் நிற்கிறது. இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், ‘போராடுகிறவன் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு போராடுகிறவன், மரம் போனால் வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம்’ என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. காவிரிப் பக்கமோ தாமிரபரணிப் பக்கமோ இருக்கும், கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பஞ்சாயத்தில் போய்க் கேட்டிருப்பீர்கள், ‘எல்லாம் பர்மிஷன் வாங்கியாச்சு’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

எனக்கு எண்ணூர். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுப்பேன். அம்மா பிறந்த ஊர் காட்டுக்குப்பம், பெயரிலேயே காடு இருக்கிறது. பூண்டியில் திறந்துவிடும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து, மணலி புதுநகரைத் தாண்டி, எங்கள் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் அந்தக் கழியோரத்தில் நிற்கும் காடுதான் அலையாத்தி. தாத்தா கண்டல் என்பார். அதன் இலையைப் பறித்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம் அது. தண்ணீர் வற்றும்போது மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சு வேர்கள். அந்த வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும். இருளர் பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பார்கள். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி அது.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் ஒரு நாள் காலையில் மாமா போன் செய்தார். ‘மாப்ள, கழில ரப்பீஸ் கொட்றானுங்கடா, கண்டல வெட்றானுங்க, உடனே வா’ என்றார். போய்ப் பார்த்தால், கட்டடக் கழிவைக் கொட்டி ஆற்றுக்குள்ளேயே ஒரு லாரி போகிற அகலத்துக்குப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மரம் சாய்ந்து கிடந்தது. எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று இங்கே எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

அங்கே நின்ற சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. எங்களைச் சமாதானப்படுத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு நூறு தாள் பார்க்கிற கண் எனக்கு, அந்த ஒரு வரி உடனே பட்டுவிட்டது: ‘முட்செடி மற்றும் புதர் அகற்றுதல்’. மாமாவிடம் படித்துச் சொன்னேன். அவர் வெட்டிக் கிடந்த ஒரு கிளையைத் தூக்கி, உள்ளங்கையால் அடியிலிருந்து நுனி வரை அழுத்தி உருவிவிட்டு, கையை சூப்பர்வைசர் முகத்துக்கு நேராக விரித்தார். ‘இன்னா சார், முள்ளுன்னு எழுதிக்கிறான்? எங்க சார் கீது முள்ளு?’

எங்கள் போராட்டமே அந்த வார்த்தையை மாற்றுவதற்குத்தான். புதர் என்று எழுதிவிட்டால் வெட்டியவன் சுத்தம் செய்தவன் ஆகிவிடுகிறான். மரம் என்று எழுத வைத்துவிட்டால் அவன் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலும் முதலில் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘சீமைக்கருவேலம் அகற்றுதல்’ என்று இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். முப்பது பேர் போனோம். மனுவை வாங்கிப் படித்த அதிகாரி ஒன்றே ஒன்று கேட்டார்: ‘காடு காடு என்கிறீர்களே, எத்தனை மரம்?’ யாரிடமும் பதில் இல்லை. முப்பது பேரும் அந்தக் கழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட அவமானம் இன்னும் போகவில்லை.

அப்புறம் எண்ணினோம். தண்ணீர் இறங்கும் வத்தத்தில் மட்டும்தான் எண்ண முடியும், தண்ணீர் ஏறிவிட்டால் அடிமரம் தெரியாது. மாமாவின் ஃபைபர் படகில் நான்கு பேர். பழைய வலையிலிருந்து நீல நைலான் கயிறை முழம் முழமாக அறுத்து எடுத்துக்கொண்டோம். மணிக்கட்டை விடத் தடிமனான மரத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். எண்ணிய மரத்தில் ஒரு கயிறு கட்டு, நோட்டில் ஒரு கோடு. சேறு முழங்கால் வரை இழுக்கும், உடைந்த சிப்பி காலைக் கிழிக்கும். அங்கே இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, ‘அந்தப் பக்கம் திட்டுக்குப் பின்னால இன்னும் இருக்கு சாமி, அத உட்டுட்டீங்களே’ என்று கூட்டிப்போய்க் காட்டினார். மூன்று நாளில் நிற்கிற மரம் 417, வெட்டிய அடிக்கட்டை 96. ஒவ்வொரு அடிக்கட்டை மேலும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்தோம்.

இரண்டாவது மனுவில் இந்தக் கணக்கைச் சேர்த்தோம். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகலில் அந்த சர்வே எண்ணுக்கு நேராகக் ‘கழி’ என்றே இருந்தது, அதையும் வைத்தோம். உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில், யாருடைய நிலமாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடுதான் என்று சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-ல் அலையாத்தியை அழிப்பது வாழ்வுரிமையை மீறுவது என்று சொன்னது. இரண்டிலும் தேவையான பக்கங்களை என் கடையிலேயே பிரிண்ட் எடுத்துப் பின் அடித்தேன். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அலையாத்தி இருக்கும் இடம் முதல் வகை, அதாவது கடுமையான பாதுகாப்பு உள்ள பகுதி. இந்த முறை அதிகாரி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். உட்காரச் சொன்னார்.

ஆய்வுக்கு வர 12 நாள் ஆனது. அதற்குள் இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். ஆனால் இப்போது எண்ணிக்கை இருந்தது: 417-ல் 270 மீதி, 147 போய்விட்டது என்று வந்தவர்கள் முன்னாலேயே காட்டினோம். வெட்டிய கிளைகளில் நீலக் கயிறு அப்படியே இருந்தது. வேலையை நிறுத்தினார்கள். பாதையைத் திருப்பிக்கொண்டார்கள். கொட்டிய கழிவை அள்ளச் சொன்னார்கள், அது இன்று வரை அள்ளப்படவில்லை. அதற்காக நான்கு தகவல் உரிமை மனு போட்டிருக்கிறேன்.

காசு வாங்கினீர்களா என்று கேட்பவருக்கு: மூன்று நாள் மாமா தொழிலுக்குப் போகவில்லை, டீசல் அவருடையது. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கரண்ட் வேண்டாமா, துறைமுகம் வேண்டாமா என்று கேட்பவருக்கு: எங்கள் பக்கத்தில் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன, இரண்டு துறைமுகமும் இருக்கிறது. என் தம்பியே அங்கே கான்ட்ராக்ட் வேலையில்தான் இருக்கிறான். மூடச் சொல்லவில்லை. மிச்சம் இருக்கிற கழியை விட்டுவையுங்கள் என்கிறோம். நட்டுக்கொள்ளலாம் என்கிறவருக்கு: அலையாத்தி நட்ட இடத்தில் எல்லாம் வராது. ஏற்றமும் வத்தமும் சரியான அளவில் வந்துபோகிற மட்டத்தில்தான் பிழைக்கும். மேட்டில் நட்டால் காய்ந்துபோகும், பள்ளத்தில் நட்டால் மூழ்கிச் சாகும்.



நான் வக்கீல் இல்லை, என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊர் கடலிலிருந்து தள்ளி இருந்தால் கடலோர அறிவிக்கை உதவாது. பொது நிலத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அது கலெக்டர் தலைமையில் இருக்கிறது. அனுமதி நகலைக் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமை மனு இன்றைக்கே போடுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் எண்ணுவதை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள். வனச் சட்டத்தை 2023-ல் திருத்திவிட்டார்களே என்று யாராவது சொன்னால், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவைக் காட்டுங்கள். 1996-ல் சொன்ன பொருளையே பின்பற்றச் சொல்லியிருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் பொதுவாகச் சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால்தான் இன்னும் 60 நாள் தருவார்கள். நாங்கள் அந்த 96 மரத்துக்கும் கேட்க நினைத்து, அவர் பார்த்துக்கொள்வார் இவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தே கெடுவைத் தவறவிட்டோம். அது எங்கள் தப்பு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். நாங்கள் காப்பாற்றிய மரங்களில் ஆள் உயரத்துக்குக் கருப்புப் பட்டை, மூச்சு வேர்களின் மேல் தார் மாதிரி படிந்திருந்தது. மாமா படகை விட்டு இறங்கவே இல்லை. சில மரம் காய்ந்துவிட்டது. மற்றவை மெல்லத் துளிர்த்தன. போன மாதம் மறுபடி எண்ணினோம், 231.

நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே எண்ண ஆரம்பித்துவிடுங்கள். மருதமரத்துக்கு நெஞ்சு உயரத்தில் சுற்றளவும் எடுங்கள், பெருத்த மரம் என்று காட்ட அது உதவும். சர்வே எண்ணும் எண்ணிக்கையும் கைக்கு வந்ததும் இங்கேயே பதிலாகப் போடுங்கள். மனு நான் எழுதித் தருகிறேன், திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும்.