பட்டம் முடித்தபின் மருத்துவம்: யூகாஸில் நான்கு இடங்களை எப்படி நிரப்புவது?

கேள்வி: நான் லண்டன் குரொய்டனில் வசிக்கிறேன். வயது 24. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 9 வயதில் பெற்றோருடன் இங்கே வந்தேன். எங்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை உண்டு. ஏ லெவலில் (பள்ளி இறுதித் தேர்வு) பி, பி, சி. வேதியியலில்தான் அந்த சி. பிறகு பயோமெடிக்கல் சயன்ஸில் டூ-ஒன் (இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு) வாங்கினேன். இப்போது ஒரு மருத்துவமனை வார்டில் ஹெல்த்கேர் அசிஸ்டன்டாக வேலை செய்கிறேன். வரும் அக்டோபரில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான நான்கு ஆண்டுப் பட்டதாரிப் படிப்புகளை மட்டும் போடவா, ஐந்து ஆண்டுப் படிப்பையும் கலந்து போடவா? நுழைவுத் தேர்வுகளில் யூகேட் எழுதவா, காம்சாட் எழுதவா? அப்பா, "பெரிய பேர் உள்ள யூனிகளையே போடு, கிடைக்காவிட்டால் கீழே உள்ளது கிடைக்கும்" என்கிறார்.

பதில்: முதலில் அப்பா சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது அவர் அறிந்த முறைக்குச் சரிதான். இலங்கையில் இசட் ஸ்கோர் வந்ததும் விருப்ப வரிசையை எழுதிக் கொடுப்போம். கொழும்பு கிடைக்காவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. தமிழ்நாட்டில் நீட் கலந்தாய்வும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே பெரிய பெயரை மேலே போடுவதால் எந்த நட்டமும் இல்லை.

யூகாஸ், அதாவது பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு, அப்படி வேலை செய்வதில்லை. அது ஒரு தபால்காரர் மட்டுமே. உங்கள் விண்ணப்பத்தை நான்கு மருத்துவப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தரவரிசைப் பட்டியல் எதுவும் போடாது. உங்கள் தெரிவுகளுக்குள் முதலாவது, இரண்டாவது என்ற வரிசையும் கிடையாது. ஒரு பள்ளிக்கு மற்ற மூன்றும் எவை என்று அந்த நேரத்தில் தெரியவும் தெரியாது. ஒவ்வொன்றும் தன் சொந்த விதியை வைத்து உங்களை எடைபோடும். ஒன்று மறுத்தால் அந்த இடம் வீண்தான், கீழே உள்ளதற்கு நகராது. மருத்துவத்துக்கு நான்கு இடங்கள்தான். ஐந்தாவதில் வேறு படிப்பைப் போடலாம் அல்லது காலியாக விடலாம். பட்டதாரிப் படிப்பும் ஐந்து ஆண்டுப் படிப்பும் இதே நான்குக்குள்தான் அடங்க வேண்டும். நான்கும் பொருந்தாத இடங்களாகப் போனால் ஒரு வருடம் போய்விடும். வருடா வருடம் நல்ல பிள்ளைகள் இப்படி வெளியே நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களிடம் தகுதிக்குக் குறைவில்லை, இடத்தைத் தேர்ந்த விதத்தில்தான் பிழை.

ஆகவே எண்கள் முதலில், பெயர்கள் பிறகு. இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. யூகேட் தேர்வு ஜூலையில் தொடங்கி செப்டம்பர் பிற்பகுதி வரை நடக்கும். எழுதி முடித்த ஒரு நாளுக்குள் மதிப்பெண் கையில் இருக்கும். யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் 15, மாலை 6 மணி. அதாவது, மதிப்பெண்ணைத் தெரிந்துகொண்டு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் ஜூன் மாதமே மனதில் நான்கு பெயரை முடிவு செய்துவிடாதீர்கள்.

யூகேட்டை ஒரு பருவத்தில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும், அடுத்த ஆண்டுக்கு அந்த மதிப்பெண் செல்லாது. 2025 முதல் அப்ஸ்ட்ராக்ட் ரீசனிங் பகுதியை எடுத்துவிட்டார்கள். மீதி மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 300 முதல் 900 வரை; மொத்தம் 2700க்கு. அதோடு சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட் (பணியிடச் சூழலில் எது சரியென்று தீர்மானிப்பது) தனியாக, 1 முதல் 4 வரை பேண்டாக வரும். இதனால் ஒரு பொறி உண்டு. பழைய மாணவர்கள் "எனக்கு 2750, நேர்முகத்துக்கு அழைத்தார்கள்" என்று சொல்வது 3600க்கு எடுத்த மதிப்பெண். அதை உங்கள் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம். யூகேட் நிறுவனம் அந்தந்த ஆண்டின் சராசரியையும், எழுதியவர்களைப் பத்துச் சம பங்காகப் பிரித்துக் காட்டும் டெசைல் அட்டவணையையும் வெளியிடும். நீங்கள் எந்த டெசைலில் நிற்கிறீர்கள் என்பதை வைத்தே முடிவெடுங்கள். பேண்ட் 4 வந்தால் பல பள்ளிகள் மற்ற மதிப்பெண்ணைப் பார்க்காமலே மறுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பகுதியைப் பயிற்சி செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

காம்சாட் வேறு வகை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கும். மனிதவியல், கட்டுரை, அறிவியல் என்று மூன்று பகுதிகள். அறிவியல் பகுதி பல்கலைக்கழக முதலாண்டு உயிரியல், வேதியியல் அளவுக்குப் போகும், இயற்பியலும் வரும். மொத்த மதிப்பெண்ணில் அந்தப் பகுதிக்குத்தான் இரட்டை எடை. செப்டம்பரில் எழுதினால் முடிவு வருவதற்குள் யூகாஸ் கடைசி நாள் கடந்துவிடும். மதிப்பெண் தெரியாமலே இடத்தைப் போட வேண்டியிருக்கும். மார்ச் தேர்வை நீங்கள் எழுதியதாகச் சொல்லவில்லை. வார்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு இரண்டுக்கும் படிப்பது நடக்கிற காரியமல்ல. இந்த ஆண்டு யூகேட்டை மட்டும் எழுதுங்கள், அதை நன்றாக எழுதுங்கள். எந்தப் பள்ளி எந்தத் தேர்வைக் கேட்கிறது என்பது சமீப ஆண்டுகளில் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் மற்றவர்கள் தரும் பட்டியலை நம்பாமல், அந்தப் பள்ளியின் பக்கத்தில் நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய விதியைப் பாருங்கள்.

அடுத்து அந்த வேதியியல் சி. பட்டம் வாங்கிவிட்டால் ஏ லெவல் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சில பள்ளிகளில் அது உண்மை. வாரிக் எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கும், ஏ லெவலைக் கேட்பதில்லை. வேறு சில பள்ளிகள் பட்டதாரியிடமும் வேதியியலில் இன்ன கிரேட் வேண்டும் என்று நிற்கும். சில ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) வரை போய்ப் பார்க்கும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்ட் பட்டதாரிப் படிப்புகளில் பள்ளிக்கால அறிவியல் பாடங்களுக்கு நிபந்தனைகள் உண்டு. அப்பா முதலில் நினைப்பது அந்த இரண்டையும்தான் என்றால், உங்கள் மதிப்பெண்களோடு அவை பொருந்துவது கடினம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். எங்கே படித்தாலும் வெளியே வரும்போது அதே ஜிஎம்சி (மருத்துவ மன்றம்) பதிவு, புது டொக்டர்களுக்கான அதே பவுண்டேஷன் பயிற்சிதான்.

நான்கைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. ஒரு தாளில் பட்டதாரிப் படிப்பு உள்ள எல்லாப் பள்ளிகளையும் எழுதுங்கள். ஏ லெவல், பட்டத் துறை, ஜிசிஎஸ்இ காரணமாக உங்களை ஏற்காதவற்றை முதலில் அடித்துவிடுங்கள். மிஞ்சுபவற்றில், நேர்முகத்துக்கு யாரை அழைப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். யூகேட் மொத்தத்தை மட்டும் வரிசைப்படுத்துகிறார்களா, வெர்பல் பகுதிக்குத் தனி வரம்பு வைக்கிறார்களா, பணி அனுபவத்தை எண்ணுகிறார்களா? வாரிக் அண்மை ஆண்டுகளில் குறைந்தது 70 மணி நேர அனுபவத்தைக் கேட்டு வந்திருக்கிறது. ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் வேலை பார்க்கும் உங்களுக்கு மணி நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பெற்ற அனுபவமாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரு முதியோர் இல்லத்திலோ ஹாஸ்பிஸிலோ (இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்) சில வார இறுதிகள் தொண்டு செய்தால் போதும். கடைசியாக, சென்ற ஆண்டின் பட்டதாரி கட்-ஆப்பைப் பாருங்கள். அதே பள்ளியின் ஐந்து ஆண்டுப் படிப்பின் கட்-ஆப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி பணம். ஐந்து ஆண்டுப் படிப்பைக் கலக்கலாமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் வசிக்கும் உங்களைப் போன்றவர் நான்கு ஆண்டுப் பட்டதாரிப் படிப்பில் சேர்ந்தால், முதல் ஆண்டுக் கட்டணத்தில் 3,465 பவுண்டைக் கையிலிருந்து கட்ட வேண்டும். மீதிக்கு மாணவர் கடன் கிடைக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து என்எச்எஸ் (அரசு சுகாதார சேவை) பர்சரி என்ற உதவித்தொகை கட்டணத்தில் 3,715 பவுண்டைக் கொடுத்துவிடும், மிச்சத்துக்குக் கடன். வாழ்க்கைச் செலவுக்கு முதல் ஆண்டு முழு மெயின்டனன்ஸ் கடன். பிறகு அது குறையும், அதோடு பர்சரியிலிருந்து சுமார் 1,000 பவுண்டு மானியமும் வருமானத்தைப் பொறுத்த உதவியும் சேரும்.

அதே நீங்கள் ஏ100 எனப்படும் ஐந்து ஆண்டுப் படிப்பில் இரண்டாவது பட்டமாகச் சேர்ந்தால், முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டணக் கடன் கிடையாது. 2025-26 கட்டணமான 9,535 பவுண்டை வைத்துக் கணக்கிட்டாலே நான்கு ஆண்டுக்கு 38,140 பவுண்டு. மெயின்டனன்ஸ் கடன் மட்டும் கிடைக்கும். ஐந்தாம் ஆண்டில்தான் என்எச்எஸ் கட்டணத்தை ஏற்கும். அதாவது ஒரு பக்கம் 3,465, மறுபக்கம் 38,140. இது சேர்ந்தபின் யோசிக்கிற விஷயமல்ல. அப்பா, அம்மாவோடு இப்போதே உட்கார்ந்து, "இந்தத் தொகை நம்மால் முடியுமா" என்று வெளிப்படையாகப் பேசுங்கள். மகள் டொக்டர் ஆகவேண்டும் என்பதற்காக வீட்டை மறு அடமானம் வைக்கவும் நம் பெற்றோர் தயங்க மாட்டார்கள். அதனாலேயே அந்தப் பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். முடியும் என்றால் ஒரு இடத்தை ஏ100க்கு ஒதுக்கலாம். உங்கள் யூகேட் நடுத்தரமாக வந்தால் அது நல்ல காப்பு. முடியாது என்றால் நான்கும் பட்டதாரிப் படிப்பாகவே இருக்கட்டும். கட்ட முடியாத இடத்தில் ஓபர் வாங்குவது மனவேதனையைத்தான் தரும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். படிப்பு தொடங்கும் செப்டம்பருக்கு முன் உங்களுக்கு 25 வயதாகிவிட்டால், வாழ்க்கைச் செலவுக் கடனுக்குப் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, இங்கிலாந்தில் 2027 ஜனவரியிலிருந்து தொடங்கும் படிப்புகளுக்கு மாணவர் கடன் முறையே மாறுகிறது. நீங்கள் சேரும் ஆண்டு அதற்குப் பின்னால் வருமானால், மேலே சொன்ன கணக்கை அரசின் பக்கத்தில் இன்னொரு முறை சரிபார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஜெம் படிப்பில், அங்கேயே வேலை செய்ய ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கு 4,000 பவுண்டு உதவித்தொகை உண்டு. ஆனால் அங்கே வேதியியல் நிபந்தனை இருக்கிறது, உங்கள் சி அதற்குப் போதுமா என்று முதலில் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு உங்களைப் பற்றி எழுதும் பெர்சனல் ஸ்டேட்மென்ட் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரையாக இல்லை. மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி எப்படித் தயார்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. உங்கள் பலம் மூன்றாவதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் அதில், "நோயாளிகளோடு பழகித் தொடர்புத்திறனை வளர்த்துக்கொண்டேன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு எதுவும் தெரியவராது. நீங்கள் வார்டில் பிளூயிட் சார்ட் (நோயாளி எவ்வளவு குடிக்கிறார் என்ற கணக்கு) நிரப்புகிறவர். மாலையானால் ஒரு பாட்டி தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் உட்கார்ந்து கேட்டால், இரவில் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆளைக் கூப்பிடச் சங்கடம் என்கிறார். நீங்கள் நர்ஸிடம் சொல்கிறீர்கள், படுக்கைக்கு அருகே கமோட் வருகிறது, சார்ட்டில் எண் ஏறுகிறது. இப்படி உங்களுக்கே நடந்த ஒன்றை எழுதி, அதிலிருந்து என்ன புரிந்தது, அதில் டொக்டரின் வேலை எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வரி சேர்த்தால், அந்தப் பகுதிக்கு உயிர் வந்துவிடும். நோயாளியை அடையாளம் காட்டும் எந்த விவரமும் வரக்கூடாது. ஏன் நர்ஸிங் இல்லாமல் மருத்துவம் என்ற கேள்வியை நேர்முகத்தில் உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். விடையை இந்த எழுத்திலேயே தேடத் தொடங்குங்கள்.

நேர்முகம் பெரும்பாலும் எம்எம்ஐ முறையில், பல மேசைகளாக நடக்கும். அழைப்பு வந்த பிறகு அதற்குத் தயாராக நேரம் இருக்கும்; இப்போது அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பட்டதாரிப் படிப்புகளில் பல, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. இன்னும் முக்கியமாக, இந்தியாவின் 2021 விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், நீட் தேறியிருக்கவும் வேண்டும். நான்கு ஆண்டு என்பது 48 மாதம். திரும்பி வந்து இந்தியாவில் மருத்துவம் பார்க்கும் எண்ணம் இருந்தால், இந்த வழியில் பணத்தைப் போடுவதற்கு முன் தேசிய மருத்துவ ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ரெபரன்ஸ், அதாவது உங்களைப் பற்றி உங்கள் ஆசிரியர் எழுதித் தரும் பரிந்துரை. பட்டம் முடித்து வெளியே வந்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் பழைய பெர்சனல் டியூட்டருக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். செப்டம்பரில் அவர் விடுப்பிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ இருக்கலாம். ரெபரன்ஸ் வந்து சேராமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. இப்போது வார்டில் செய்யும் வேலை பற்றி மேலாளரிடமிருந்து ஒரு பத்தி வாங்கி டியூட்டருக்கு அனுப்பிவைத்தால், அவர் அதையும் சேர்த்து எழுதலாம். யூகேட் நாளைப் பதிவு செய்யும்போது ஆகஸ்ட் நடுவில் எடுங்கள். அன்று உடம்புக்கு முடியாமல் போனாலும் நாளை மாற்ற அவகாசம் இருக்கும். மதிப்பெண் வந்தபின் அந்தத் தாளை எடுத்து நான்கு பெயர்களை எழுத ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கும்.