பெரிய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு

தம்பி, சோழிங்கநல்லூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்துவிட்டு இப்போது சியாட்டில் பக்கம் ஒரு பெரிய டெக் நிறுவனத்தில் எச்-1பி விசாவில் (கம்பெனி மனு போட்டு வாங்கித் தரும் அமெரிக்க வேலை விசா) சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கொடுத்த வேலையையெல்லாம் முடித்தும் "மீட்டிங்கில் இன்னும் பேச வேண்டும்" என்று மேனேஜர் சொல்கிறார், லேஆஃப் (ஆட்குறைப்பு) செய்தி வரும்போதெல்லாம் தூக்கம் போய்விடுகிறது, இங்கே எப்படிக் காலம் தள்ளுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெல்வியூவில் குடும்பத்தோடு பல வருடமாக இருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பெரிய கம்பெனிகள் இரண்டில் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், சொல்லப்போவது எல்லா இடத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

நீங்கள் கேட்ட இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. வேலை போனால் விசாவும் போய்விடுமே என்ற பயம் நம் வாயைக் கட்டிவிடுகிறது. பேசாதவருக்கு ரேட்டிங், அதாவது நம் வேலைக்குக் கம்பெனி போடும் மதிப்பீடு, குறைகிறது. ரேட்டிங் குறைந்ததும் பயம் இரட்டிப்பாகிறது. நல்ல திறமைசாலிகள் இதில் சிக்கி நொந்துபோவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சர்வீஸ் கம்பெனியில் கிளையன்ட் கேட்டதை லீட் பிரித்துக் கொடுப்பார், நாம் முடிப்போம், டைம்ஷீட் போடுவோம். இங்கே எதைச் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. மேனேஜர் சொல்லட்டும் என்று காத்திருந்தால், இவருக்குச் சொந்தமாக யோசனை எதுவும் இல்லை போல என்று அவர் முடிவு கட்டிவிடுவார். நீங்கள் மரியாதைக்காகக் காத்திருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

டிசைன் ரிவ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது கட்டப்போகும் மென்பொருளின் திட்டத்தை எல்லோரும் சேர்ந்து அலசும் கூட்டம். அமேசானில் 2004-ல் ஜெஃப் பெசோஸ் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறு பக்கக் குறிப்பை எல்லோரும் உட்கார்ந்து மௌனமாகப் படித்த பிறகே பேச ஆரம்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது வேறு பல இடங்களிலும் அந்த வழக்கம் இருக்கிறது. பத்துப் பேர் ஒரே டாக்குமென்டைத் திறந்து வைத்திருப்பார்கள், சத்தமே இருக்காது. ஓரத்தில் கமென்ட்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். "இந்த க்யூ நிரம்பிவிட்டால் என்ன ஆகும்?", "ஏன் இரண்டு டேட்டாபேஸ்?" புதிதாக வந்த நம் பிள்ளைகள் முகம் சுருங்கிப்போவார்கள், ஏதோ திட்டு விழுகிறது என்று. திட்டே இல்லை தம்பி. கமென்ட்டே வராத டாக்குமென்டை யாரும் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த முறை நமக்கு உண்மையிலேயே நல்லது. நம் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் எழுத்தில் கேட்டுவிடலாம். ஒவ்வொரு ரிவ்யூவிலும் ஒரே ஒரு கேள்வியாவது எழுதுங்கள். பேச்சு தொடங்கியதும் "மூன்றாவது கமென்ட் என்னுடையது, என் கவலை இதுதான்" என்று ஆரம்பியுங்கள். நடுவில் புகுந்து பேச இடம் தேடித் தவிக்க வேண்டியதில்லை.

என் டீமில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு டிசைனில் மூன்று அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கும் தோற்றால் மொத்தம் மூன்று முறை வரை முயலும் என்று எழுதியிருந்தது. கீழே இருக்கும் டேட்டாபேஸ் தடுமாறினால் ஒரு கோரிக்கை இருபத்தேழாகப் பெருகி அதன் தலையில் விழும், எழுந்திருக்கவே விடாது. அதை முதலில் பார்த்தது அவள்தான். ஆனால் மீட்டிங்கில் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து காபி மெஷின் பக்கத்தில் டீம் நண்பர் ஒருவரிடம் தமிழில் சொன்னாள். அடுத்த வாரம் அவர் அதை மீட்டிங்கில் கேட்டார், பாராட்டு அவருக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை, நல்ல விஷயம் என்று சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் நான் அவளை உட்கார வைத்து, இந்தச் சிக்கல் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதினாள். மற்ற டீம்களும் அதை எடுத்துக்கொண்டன. அடுத்த ப்ரொமோஷன் பேச்சில் அவள் மேனேஜர் கையில் காட்ட அந்தத் தாள் இருந்தது.

ஏனென்றால் ரேட்டிங் முடிவாகும் அறையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். பல மேனேஜர்கள் உட்கார்ந்து அவரவர் ஆட்களுக்காக வாதாடுவார்கள். கைவசம் ஆதாரம் இல்லாத மேனேஜர், உங்கள் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்தாலும், அங்கே சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுவார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் செய்தது, யாருக்கு உதவியது, அதன் லிங்க் என்று நாலு வரி எழுதி வையுங்கள். தற்பெருமை என்று கூச்சப்படாதீர்கள். குடத்திலிட்ட விளக்காக இருந்து என்ன பயன்?

ஆன்-கால் வாரம், அதாவது சிஸ்டம் பழுதானால் எந்நேரமும் எழுந்து பார்க்க வேண்டிய முறை வாரம் பற்றியும் பயந்திருந்தீர்கள். ராத்திரி மூன்று மணிக்குப் போன் அலறும்தான். தெரியாவிட்டால் இன்னொருவரை எழுப்புங்கள், அதற்குத்தான் அந்த ஏற்பாடே. மறுநாள் எழுதும் அறிக்கையில், ஒழுங்கான டீம் என்றால், யார் செய்தது என்று கேட்கமாட்டார்கள், எதனால் நடந்தது என்றுதான் கேட்பார்கள்.

சரி, லேஆஃப். 2023 ஜனவரியில் மட்டும் அமேசான் 18,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர், கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தன. எனக்குத் தெரிந்து அதில் நல்ல ரேட்டிங் வாங்கியவர்களும் போனார்கள், டீம் டீமாகவே போனார்கள். தலையைக் குனிந்துகொண்டிருந்தால் கண்ணில் படாமல் தப்பிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். அப்படி யாரும் தப்பிக்கவில்லை.

பயத்தைக் குறைக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வழி. வேலை போனால் 60 நாள் வரை இங்கே இருக்கலாம், ஐ-94 (இங்கே எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரை. பொதுவாகச் சம்பளம் கிடைக்கும் கடைசி நாளிலிருந்து அந்தக் கணக்கு. அதற்குள் புதிய கம்பெனி உங்களுக்காக மனு தாக்கல் செய்துவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திராமல் அங்கே வேலையில் சேரலாம். ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக வையுங்கள். ஆர்எஸ்யு பங்குகள் (சம்பளத்தோடு கம்பெனி தவணையாகத் தரும் அதன் பங்குகள்) கைக்கு வரும் நாளில் அவையும் சம்பளமாகவே கணக்காகும். பெரும்பாலும் 22 சதவீதம்தான் வருமான வரியாகப் பிடிப்பார்கள், உங்கள் வருமானத்துக்கு அது பத்தாமல் போகலாம், ஏப்ரலில் மீதியைக் கட்டத் தயாராக இருங்கள்.

எச்-1பி ஆறு வருடம்தான். அதைத் தாண்டி நீட்டிக்க கிரீன் கார்டுக்கான மனு வேலை முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்து கிரீன் கார்டுகளில் 7 சதவீதம் என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீள்கிறது. ஆனால் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி உங்கள் பேரில் போடும் மனு) ஒப்புதல் ஆகிவிட்டால் வரிசையில் உங்கள் தேதி உங்களோடு அடுத்த கம்பெனிக்கும் வரும். ஒப்புதல் ஆகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் விசாவை நீட்டிக்க அது உதவும். அந்த நிலைக்கு வந்த பிறகு பல பேருக்கு மீட்டிங்கில் குரலே மாறிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லேஆஃப் செய்யும் கம்பெனிகள் பெர்ம் மனுக்களை (ஐ-140-க்கு முன்னால் தொழிலாளர் துறையிடம் போடும் முதல் படி) நிறுத்தி வைப்பதும் உண்டு, 2023-லேயே அது நடந்தது. அதனால் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த ஒன்-ஆன்-ஒன்னில் (மேனேஜரோடு தனியாகப் பேசும் சந்திப்பு) அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அடுத்த லெவலுக்கு என்னிடம் என்ன குறைகிறது, என் பெர்ம் எப்போது தொடங்கும். பேசியதை அன்றைக்கே இரண்டு வரி மெயிலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஐ-140 ஒப்புதல் வரும்போது அந்த நோட்டீஸின் நகலை கம்பெனி வக்கீலிடம் கேட்டு வாங்கி, ஆபீஸ் லேப்டாப்பில் இல்லாமல் உங்கள் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.