கோடைகால அரண்மனையும் முழங்கால் வலியும் – கடிதம்

வணக்கம்,

அக்டோபரில் அம்மாவுடன் பெய்ஜிங் போகிறேன். கோடைகால அரண்மனைக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். எந்த வாசலில் நுழைவது? எல்லாம் சேர்ந்த டிக்கெட் தேவையா? மலை ஏறாவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விதான் முக்கியம். கோடைகால அரண்மனையின் சீனப் பெயர் யிஹேயுவான். அந்தத் தோட்டத்தின் சுமார் 290 ஹெக்டேரில் முக்கால் பங்கு குன்மிங் ஏரி. 1750-இல் சியென்லோங் பேரரசர் தன் தாயின் அறுபதாம் பிறந்தநாளுக்காக இதைத் தொடங்கியபோது, ஏரியை அகலப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் மலையை உயர்த்தினார். தோட்டத்தின் உயிர் கரையில் இருக்கிறது, கரை பெரும்பாலும் சமதளம்.

வடக்கு வாசல் மட்டும் வேண்டாம். பெய்குங்மென் நிலையத்தை ஒட்டியிருப்பதால் பலரும் அங்கே இறங்கிவிடுகிறார்கள். நுழைந்ததும் மலை ஏற வேண்டும். அதே நான்காம் மெட்ரோ தடத்தில் ஷியுவான் நிலையத்தில் இறங்கிக் கிழக்கு வாசலுக்கு நடந்து வாருங்கள். யுவான்மிங்யுவான் என்ற நிலையமும் அந்தத் தடத்திலேயே உண்டு. அது 'பழைய கோடைகால அரண்மனை' எனப்படும், 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் எரித்த வேறொரு தோட்டம். நீங்கள் பார்க்கப்போகும் தோட்டத்தையும் அப்போதுதான் எரித்தார்கள். பெயர்க் குழப்பத்தில் அங்கே போய் நிற்பவர்கள் உண்டு.

சேர்ந்த டிக்கெட் உங்களுக்கு வீண். அதில் அடங்கும் புத்தர் கோபுரம் செங்குத்தான படிகளின் உச்சியில் இருக்கிறது. வாசல் டிக்கெட் போதும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அக்டோபர் 1 முதல் தேசிய விடுமுறை வாரம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கிழக்கு வாசலிலிருந்து ஏரியை நோக்கி வந்தால் யூலான் மண்டபம். 1898-இல் குவாங்ஷு பேரரசர் கொண்டுவந்த அரசியல் சீர்திருத்தம் தோற்றபின், அதை எதிர்த்த சீஷி பேரரசி அவரைச் சிறைவைத்த இடம். பக்கத்து அறைகளின் வாசலுக்குள் எட்டிப் பாருங்கள்: வழியை மறித்து எழுப்பிய செங்கல் சுவர் இன்றும் நிற்கிறது. இவ்வளவு அழகான ஏரிக்கரையில் அந்தச் சுவர் மனதைப் பிசையும். பலர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். மண்டபங்களின் மரநிலைப்படிகள் உயரமானவை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீண்ட நடைக்கூடம். 728 மீட்டர், 273 கட்டங்கள், உத்தரமெங்கும் ஓவியங்கள். இருபுறமும் தாழ்வான அமர்வுப் பலகை ஓடுவதால் நினைத்த இடத்தில் உட்காரலாம். அவசரப்படாதீர்கள், பாதி நேரத்தை இங்கேயே செலவழித்தாலும் தகும். மேற்கே போனால் பளிங்குப் படகு. பளிங்குபோலத் தெரியும் மேல்தளம் மரம், வண்ணம் பூசியது. அடிப்பகுதி மட்டுமே கல். கடற்படைப் பணத்தைத் திருப்பித் தோட்டத்தைப் புதுப்பித்த சீஷியின் காலத்து வேலை அந்த மேல்தளம்.

அருகே படகுத்துறை உண்டு. பதினேழு வளைவுப் பாலத்தின் பக்கம் இறக்குமா என்று கேட்டு ஏறுங்கள். காற்று பலமானால் படகு ஓடாது. அப்படியானால் வந்த வழியே திரும்புங்கள், பாலத்துக்காக அம்மாவை நடக்கவைக்க வேண்டாம். படகு கிடைத்தால், 150 மீட்டர் பாலத்தின் தூண்களில் 544 கல் சிங்கங்கள். அங்கிருந்து வடக்கே பார்த்தால், ஏறாமல் விட்ட 41 மீட்டர் கோபுரம் மலையோடும் தண்ணீரோடும் முழுதாகத் தெரியும். வெளியேற ஷின்ஜியென் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்கு வாசல்வரை திரும்பி நடக்க வேண்டியதில்லை.